இன்னாசி என்றால் நெருப்பா?

வாசகர் கேள்வி, ஜூலை 1

மாமனார் பெயர் இன்னாசி. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்களுக்கு இப்போது ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அவர் பெயரையே வைக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருக்கிறார்கள். பெயர் பழையதாகத் தோன்றுகிறதே என்று இணையத்தில் பொருள் தேடினேன். ‘இன்னாசி என்பது இக்னேஷியஸ் என்ற பெயரின் தமிழ் வடிவம், இக்னேஷியஸ் என்பது இக்னிஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இக்னிஸ் என்றால் நெருப்பு, அதுதான் நம் அக்னி’ என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் குழந்தைக்கு ‘அக்னி’ என்று வைத்தால் தாத்தா பெயரை வைத்ததாக ஆகுமா?

ஜூலை 1, இரவு

ஆகாது.

பல இடங்களில் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுதான். அந்த வாக்கியத்தின் பின்பாதி சரி. இக்னிஸும் அக்னியும் உறவுக்காரர்கள். லிதுவேனிய மொழியின் ‘உக்னிஸ்’, ரஷ்ய மொழியின் ‘ஒகோன்’ ஆகியவையும் அதே குடும்பம். எல்லாம் ஒரு பழைய இந்தோ-ஐரோப்பியச் சொல்லின் பேரப்பிள்ளைகள். ஆகவே அக்னியிலிருந்து இக்னிஸ் வந்தது என்றும் சொல்ல முடியாது, இக்னிஸிலிருந்து அக்னி வந்தது என்றும் சொல்ல முடியாது.

தவறு முன்பாதியில் இருக்கிறது. இக்னேஷியஸின் லத்தீன் வடிவமான இக்னாத்தியுஸ் என்ற பெயர் நெருப்பில் பிறந்ததல்ல. அதன் பழைய வடிவம் எக்னாத்தியுஸ். அது இத்தாலியின் ஒரு குலப்பெயர். ரோமுக்குத் தெற்கே மலைப்பகுதியில் இருந்த சாம்னைட்டு மக்களிடம் அதைப் பார்க்கிறோம். கி.மு. 295இல் சென்டினம் போரில் ரோமர்களை எதிர்த்து விழுந்த சாம்னைட்டுத் தளபதியின் பெயர் கெல்லியுஸ் எக்னாத்தியுஸ். அவர் வீட்டார் அந்தப் பெயரைச் சொன்னபோது நெருப்பை நினைத்திருக்கக் காரணமே இல்லை. முதலெழுத்து ‘எ’. பின்னால் வந்தவர்களின் காதில் அது ‘இக்னிஸ்’ என்று விழுந்தது, ‘எ’ போய் ‘இ’ வந்தது, நெருப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

ஜூலை 2

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதியதால் சொந்தக் கதையைச் சொல்லவில்லை. என் தாத்தா பெயரும் இன்னாசிதான். தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் கிராமம். அவர் போன பிறகு அரை ஏக்கர் பனங்காட்டுக்காக நான் ஏறி இறங்கிய படிகளை எண்ணினால் கோபுரம் கட்டலாம். கிரயப் பத்திரத்தில் ‘இன்னாசி’. குடும்ப அட்டையில் ‘இக்னேஷியஸ்’. பழைய தீர்வை ரசீதில் ‘இஞ்ஞாசி’. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொன்னது ஓர் அலுவலகம். நிரூபித்துக்கொண்டு போனால் நான்காவதாக ‘இக்னாசி’ என்று அவர்களே தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.

ஒலி மாறியது எப்படி என்று அப்போது எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ‘க்ன’ என்பது தமிழ் நாக்குக்கு முள், அதனால் நம்மவர்கள் ககரத்தை விழுங்கி ‘இன்னாசி’ ஆக்கிவிட்டார்கள் என்று.

ஜூலை 4

மேலே நான் சொன்ன ககர விழுங்கல் தவறு. விழுங்கியது நாம் இல்லை, போர்த்துக்கீசியர்கள். அவர்கள் மொழியில் இந்தப் பெயர் ‘இனாசியு’. ககரம் கப்பலிலேயே நின்றுவிட்டது. கரைக்கு வந்தது மீதிதான்.

இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த பெயர்கள் எல்லாமே அவர்கள் உச்சரிப்பின் நிழல்தான். ஜோசப் நமக்குச் ‘சூசை’ ஆனது, அவர்கள் ‘ஜுசே’ என்று சொன்னதால். ‘செபஸ்தியான்’ என்பதன் கடைசி மூக்கொலியும் அவர்களுடையது. ஆங்கிலம் வந்து ‘இக்னேஷியஸ்’, ‘செபாஸ்டியன்’ என்று திருத்தியதெல்லாம் பிற்காலம்.

அப்படியானால் தீர்வை ரசீதின் ‘இஞ்ஞாசி’? அது படித்தவர்களின் வடிவம். திருச்சபை லத்தீனில் ‘க்ன’ இத்தாலியர் பாணியில் ‘ஞ்ஞ’ என்று ஒலிக்கும். குருமார்கள் அதைக் கேட்டு ‘அர்ச். இஞ்ஞாசியார்’ என்று எழுதினார்கள் (‘அர்ச்.’ என்றால் புனித). பழைய ஜெபப் புத்தகங்களில் இந்த வடிவத்தைப் பார்க்கலாம். ஆக, தாத்தாவின் ஒரு பெயர் போர்த்துக்கல் வழி, ஒன்று ரோம் வழி, ஒன்று லண்டன் வழி. அலுவலகம் கொடுத்த நான்காவது எந்த வழி என்று தெரியவில்லை.

ஜூலை 5

‘இன்னா’ என்றால் துன்பம், ‘ஆசி’ என்றால் வாழ்த்து, ஆகவே இன்னாசி என்றால் துன்பம் தரும் வாழ்த்து என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். எங்கள் தமிழாசிரியர் இதை 40 வருடம் முன்பே சொல்லிவிட்டார். வகுப்பில் குறள் 314 வரும்போதெல்லாம், ‘இன்னா செய்தாரை’ என்று என்னைப் பார்த்துத்தான் தொடங்குவார். தாத்தா பெயர் எப்படித் தெரிந்தது என்பதுதான் புரியவில்லை.

ஜூலை 8

எக்னாத்தியுஸைத் தேடிப்போய் இரண்டு நாள் போய்விட்டது. வேறு வேலை செய்யவில்லை.

முதலில் பல் விவகாரம். கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் கட்டுல்லஸ் ஓர் எக்னாத்தியுஸைக் கவிதையில் பிடித்துக் கிழித்திருக்கிறார். அந்த ஆளுக்குப் பல் வெள்ளை, ஆகவே எங்கே போனாலும் சிரிப்பு. வழக்குமன்றத்தில் வக்கீல் எல்லோரையும் அழ வைக்கிறார், இவன் சிரிக்கிறான். ஒரே மகனைப் பறிகொடுத்த தாய் சிதையருகே அழுகிறாள், இவன் சிரிக்கிறான். இவன் ஸ்பெயின் பக்கத்து ஆள் என்று சொல்லிவிட்டு, அந்த ஊரில் எல்லோரும் காலையில் சொந்தச் சிறுநீரால்தான் பல் துலக்குவார்கள், எவ்வளவுக்குப் பல் மின்னுகிறதோ அவ்வளவுக்குக் குடித்திருக்கிறான் என்று கவிஞர் முடிக்கிறார். உங்கள் மாமனார் வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம்.

அடுத்து ஊர். இத்தாலியின் குதிகாலில், இன்றைய பிரிந்திசிக்கு வடக்கே கடற்கரையில், எக்னாத்தியா என்று ஒரு பழைய ஊர் இருந்தது. ‘ஞாத்தியா’ என்றும் சொல்வார்கள். அந்த வட்டாரத்துக் கறுப்புப் பானைகளுக்குத் தொல்லியலில் அந்தப் பெயர்தான். ரோமக் கவிஞர் ஹொரேஸ் பிரிந்திசிக்குப் போன வழியில் அந்த ஊரில் தங்கியிருக்கிறார். ஊரார் அவரிடம், எங்கள் கோவில் வாசலில் சாம்பிராணியை வைத்தால் நெருப்பே இல்லாமல் உருகும் என்று சாதித்திருக்கிறார்கள். நம்புகிறவன் நம்பட்டும் என்று எழுதிவிட்டு அவர் நடையைக் கட்டினார். நூறு வருடம் கழித்து ரோம எழுத்தாளர் பிளினி அதே ஊரைப் பற்றி எழுதும்போது கதை வளர்ந்துவிட்டது. அங்கே ஒரு புனிதக் கல் இருக்கிறதாம், அதன்மேல் விறகை வைத்தால் உடனே தீப்பிடிக்குமாம்.

எக்னாத்தியா, கல், நெருப்பு! நேற்று இரவு இதைப் படித்ததும் எழுந்து நடந்தேன். ஒருவேளை பெயரில் நெருப்பு முதலிலிருந்தே இருந்ததோ?

ஜூலை 9

இல்லை. பொழுது விடிந்ததும் வேகம் தணிந்துவிட்டது. ஊரில் அதிசயக் கல் இருப்பது ஒன்று, ஊர்ப் பெயருக்கு அது பொருளாவது வேறொன்று. நம் ஊர்த் தலபுராணங்களைப் படித்து வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போகலாமா? அந்த ஊரின் மக்கள் பேசியது லத்தீனே இல்லை, மெஸ்ஸாப்பிய மொழி. அங்கே ‘இக்னிஸ்’ என்ற சொல்லுக்கு வேலை கிடையாது.

இதே அவசரம் பெரியவர்களையும் பிடித்திருக்கிறது என்பதுதான் என் ஆறுதல். ரோமர்கள் அட்ரியாட்டிக் கரையிலிருந்து பைசாந்தியம் வரை போட்ட நெடுஞ்சாலைக்கு ‘வியா எக்னாத்தியா’ என்று பெயர். கடலுக்கு அக்கரையிலிருந்த இந்த ஊரின் பெயரால்தான் சாலைக்குப் பெயர் வந்தது என்று முன்பு நினைத்தார்கள். பிறகு கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி அருகே ஒரு மைல்கல் கிடைத்தது. அதில் சாலை போட்ட ஆளுநர் பெயர் இருந்தது: கினேயுஸ் எக்னாத்தியுஸ். ஊர் இல்லை, ஆள். தெசலோனிக்கியின் பெரிய தெரு ஒன்றுக்கு இன்றும் எக்னாத்தியா என்றுதான் பெயர்.

உங்கள் ‘அக்னி’ யோசனைக்கு ஒரு முன்னோடி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிரியாவின் அந்தியோக்கியா நகர ஆயராக இருந்த இக்னாத்தியுஸை இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைது செய்து, விலங்குகளுக்கு இரையாக்க ரோமுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அவர் எழுதிய ஏழு கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. காவலுக்கு வந்த பத்துச் சிப்பாய்களைப் ‘பத்துச் சிறுத்தைகள்’ என்று அதில் எழுதுகிறார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட இரண்டாம் பெயர் கிரேக்கத்தில் ‘தியோபோரோஸ்’, கடவுளைச் சுமப்பவர். தன் பெயரை அவர் நெருப்போடு சேர்த்துப் பேசவில்லை. ஆனால் சிரியாக் மொழிக்காரர்கள் பெயரில் ‘இக்னிஸ்’ இருப்பதாக எடுத்துக்கொண்டு அவரை ‘நூரோனோ’ என்று அழைத்தார்கள். ‘நூரோ’ என்றால் அவர்கள் மொழியில் நெருப்பு. நீங்கள் செய்ய நினைப்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

அவர்களுடைய சிரியாக் ஆர்த்தடாக்ஸ் சபையின் முதுபெரும் தந்தையர் பதவியேற்கும்போது இன்றும் இக்னாத்தியுஸ் என்ற பெயரைத்தான் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான இக்னாத்தியுஸ் எலியாஸ் 1932இல் கேரளத்தின் மஞ்ஞினிக்கரையில் இறந்தார், கல்லறையும் அங்கேதான்.

ஜூலை 13

என் பெரியப்பா மகன் பெயர் இனிகோ. தாத்தா பெயரை யாராவது ஒருவர் தாங்க வேண்டும், ஆனால் ‘இன்னாசி’ என்று வைத்தால் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று பெரியம்மா பயந்தார். பங்குத்தந்தை ஒருவர், ‘இனிகோ என்று வையுங்கள், அதுவும் அதே பெயர்தான்’ என்று வழி சொன்னாராம். பெரியம்மா பிறகு தானாகவே ஒரு பொருளும் கண்டுபிடித்தார். இனிய கோ, இனிமையான அரசன். திருமண அழைப்பிதழ் அச்சடித்தபோது ‘இனியகோ’ என்றே போட வேண்டும் என்று சண்டை நடந்தது.

அதே பெயரா? இயேசு சபையை நிறுவிய புனித இன்னாசியார் 1491இல் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் லொயோலா மாளிகையில் பிறந்தார். வைத்த பெயர் இஞ்ஞிகோ. அது பாஸ்க் மொழியின் ‘எனெகோ’ என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பம்ப்லோனாவை ஆண்ட அரசர் ஒருவருக்கும் அதே பெயர். ‘எனெ’ என்றால் அந்த மொழியில் ‘என்னுடைய’. ‘கோ’ செல்லமாகச் சேர்க்கும் விகுதி. ‘என் குட்டி’, ‘என் செல்லம்’ என்று பொருள் சொல்கிறார்கள். பாஸ்க் மொழி லத்தீனுக்கு உறவே இல்லாதது. ஆக இந்தப் பெயரில் நெருப்பும் இல்லை, அரசனும் இல்லை.

1528 முதல் 1535 வரை பாரிஸில் படித்தார். அந்த நாட்களில்தான் லத்தீன் பதிவுகளில் இஞ்ஞிகோவின் இடத்தில் ‘இக்னாத்தியுஸ்’ ஏறுகிறது. மற்ற நாட்டாருக்கும் பழகிய பெயராக இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டார் என்று அவருடன் இருந்த ரிபதெனெய்ரா எழுதினார். வெளியூர் போனதும் ‘மாடசாமி’ ‘மேடி’ ஆவதைப் போலத்தான். ஒலி கொஞ்சம் ஒத்துப்போனால் போதும். ஒரு பெயரை மொழிபெயர்க்கவில்லை, தூக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டார்.

1548இல் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு என்ரீக்கே என்ரீக்கஸ் தமிழ் படிக்கும் கதையைச் சொல்லி வேம்பாற்றிலிருந்து கடிதம் எழுதியது இந்த மாறிய பெயர்க்காரருக்குத்தான். வேம்பாறு எங்கள் ஊரிலிருந்து பஸ் போகும் தூரம்.

ஜூலை 14

விட்டுப்போனது. ஸ்பானிஷில் இக்னாசியோவைச் செல்லமாக ‘நாச்சோ’ என்பார்கள். 1940களில் மெக்சிகோவின் எல்லையூர் ஒன்றில், சமையல்காரர் இல்லாத நேரத்தில் வந்த விருந்தாளிகளுக்கு, இருந்த சோள வில்லைகளில் பாலாடைக்கட்டியை உருக்கிக் கொடுத்தவர் இக்னாசியோ அனாயா. தின்பண்டத்தின் பெயர் அதனால்தான் நாச்சோஸ். இதைப் பெரியப்பா மகனிடம் சொன்னேன். திரையரங்கில் 300 ரூபாய் கொடுத்து வாங்கித் தின்றது தாத்தா பெயரையா என்று கேட்டான்.

ஜூலை 17

‘வெளிநாட்டுப் பெயரை மொழிபெயர்த்து வைப்பதே தவறு’ என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அது எப்படித் தவறு? தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் அதில் ஒரு பெரிய மரபே உண்டு. பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவன், அதனால் சின்னப்பர். ஸ்தேவான் கிரேக்கத்தில் முடி, அதாவது கிரீடம், அதனால் முடியப்பர். யோவான் எபிரேயத்தில் கடவுளின் அருள், அதனால் அருளப்பர். பெஸ்கியின் முதல் பெயர் கான்ஸ்தான்சோ, உறுதியானவர் என்று பொருள். தமிழுக்கு வந்து தைரியநாதர் ஆனார், வீரமாமுனிவர் என்பது அதன் பிறகு. தேம்பாவணியில் அவர் சூசையை ‘வளன்’ ஆக்கியதும் எபிரேயப் பொருளைப் பார்த்துத்தான். எனக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் பிடிக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் அருளப்பர் போய் யோவான் வந்தபோது எங்கள் பாட்டி, ‘இவர் யார் புதிதாக?’ என்று கேட்டார்.

அப்படிப்பட்ட மரபில் இன்னாசி மட்டும் ‘தீயப்பர்’ ஆகவில்லை, கவனித்தீர்களா? தீயப்பர் என்றால் தீயவர் என்று ஆகிவிடும் என்பதாலோ என்னவோ. ‘கனலப்பர்’ நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலை 20

ஹோமியோபதி மருந்து ‘இக்னேஷியா’வுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்விக்கு: உண்டு. பிலிப்பைன்ஸில் விளையும் ஒரு விதை. அங்கே இருந்த இயேசு சபையினர் தங்கள் நிறுவனர் பெயரை அதற்கு வைத்தார்கள். நம் எட்டிமரத்தின் பங்காளி, அதே ஸ்டிரிக்னைன் நஞ்சு. துக்கத்துக்கு என்று கொடுப்பார்கள். தாத்தா இறந்தபோது எங்கள் அத்தைக்கு அந்த வெள்ளை உருண்டைகள்தான் வந்தன. இன்னாசிக்காக அழுதவருக்கு இன்னாசி மருந்து. யாருக்கும் அப்போது தெரியாது.

ஜூலை 26

ஜூலை 13இல் எழுதியதை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

சித்தப்பா ஊரிலிருந்து தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பழைய பதிவேடு, முழுக்க லத்தீன். பெயர் ‘இக்னாத்தியும்’ என்று இருந்தது. ‘இன்னாசியும் வேறு யாரும் சேர்ந்து பிறந்தார்களா?’ என்று சித்தப்பா கேட்டார். அந்த ‘உம்’ நம் ‘உம்’ இல்லை, லத்தீனின் இரண்டாம் வேற்றுமை. ‘இன்னாசியை ஞானஸ்நானம் செய்தேன்’ என்று குருவானவர் எழுதியிருக்கிறார். ஐந்தாவது வடிவம் கிடைத்துவிட்டது.

நல்லவேளை, நான் தேதியையும் பார்த்தேன். 1921, பிப்ரவரி 1.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் எந்தப் புனிதரின் திருநாளோ அவர் பெயரைத்தான் பெரும்பாலும் வைப்பார்கள். லொயோலாவின் திருநாள் ஜூலை 31. பிப்ரவரி 1 யாருடையது? 1969இல் நாட்காட்டியை மாற்றும்வரை அது அந்தியோக்கியா இக்னாத்தியுஸின் திருநாள். இப்போது அக்டோபர் 17.

தாத்தா அந்தியோக்கியாக்காரர்! நாங்கள் ஒரு குடும்பமாக அறுபது வருடம் ஜூலை 31இல் அவருக்குப் பாயசம் வைத்திருக்கிறோம். பெரியப்பா மகனுக்கு வைத்த பெயரோ லொயோலாக்காரரின் வீட்டுப் பெயர். சொல்லும் வேறு, மொழியும் வேறு, இப்போது ஆளும் வேறு. தாத்தா பெயர் என்று நம்பி வைத்ததில் தாத்தாவின் ஓர் எழுத்தும் உண்மையில் இல்லை.

இனிகோவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘அண்ணே, இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்றான்.

ஜூலை 27

பூட்டனுக்கு லொயோலாவின் மேல் பக்தி இருந்து, நாள் தற்செயலாக அமைந்திருக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இருக்கலாம். நேற்று நான் ‘தாத்தா அந்தியோக்கியாக்காரர்’ என்று வியப்புக்குறி போட்டது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சரியாக அதே நாள் அமைவது 365இல் ஒன்று. நான் அந்தியோக்கியா பக்கமே நிற்கிறேன்.

ஜூலை 31

பழக்கத்தை விட முடியவில்லை, பாயசம் வைத்தாயிற்று.

நெருப்புக் கட்சிக்காரர்களுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். 1853இல் இதே ஜூலை 31 இரவு, இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தின் மருத்துவமனையில் ஓர் அவசர அறுவை சிகிச்சை. அன்று அங்கே வெளிச்சம் தந்தது புதிதாகச் செய்யப்பட்ட மண்ணெண்ணெய் விளக்கு. அதைச் செய்த போலந்து மருந்தாளுநரின் பெயர் இக்னாட்சி வுகாசியேவிச். பெயரில் இல்லாத நெருப்பை அந்த மனிதர் கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். தாத்தா வீட்டுத் திண்ணையில் தொங்கிய அரிக்கேன் விளக்கை இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். ‘அக்னி’ கைவிடப்பட்டது. குழந்தைக்கு இன்னாசி என்றே வைத்துவிட்டார்களாம். மாமியார் பதிவேட்டில் தேதி பார்க்கக் கிளம்பியிருக்கிறாராம், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒற்று விட்டுப்போய் ‘இனாசி’ என்று வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

ஜூலை 4இல் எழுதியதைப் பாருங்கள். போர்த்துக்கீசியர்கள் கரையிறங்கியபோது சொன்னதற்கு இத்தனை நெருக்கமாக எங்கள் வீட்டு ஐந்து வடிவங்களில் ஒன்றும் இல்லை. தட்டச்சு செய்தவருக்கு என் வணக்கம். இருந்தாலும் பள்ளியில் சேர்ப்பதற்குள் ஓடிப்போய்த் திருத்திவிடுங்கள். அரை ஏக்கர் பனங்காடு இன்னும் என் பெயருக்கு மாறவில்லை.